முள் காட்டிய பக்கம்

— அத விடுங்க சார், அது மாசாமாசம் காசு பிடுங்கும். இத வைங்க. இருபத்தொம்பது ரூவா, ஒரே ஒரு தரம் கட்டுனாப் போதும். ஆயுசுக்கும் விளம்பரம் வராது.

— அதாகப்பட்டது ஆக்சிலியா தாயி, காசே வாங்காத ஆப்பு எதுவும் ஒன் கடையில இல்லையா? நான் ஷிப்பிங் ஆபீஸ்ல டிக்கெட்டு குடுக்கிறவன். கப்பல் ஓனர் இல்ல.

— சொக்கலிங்கம் சார், இந்த அந்தமான்ல, ஃபீனிக்ஸ் பே ஏரியாவுல ஒங்கள மாதிரி பேரம் பேசுற ஆள நான் பாக்கல. போனுக்கு கவரு சும்மா குடுத்தேன். மூடுனா டக்குன்னு ஒட்டிக்கிடும், மழைத்தண்ணி ஸ்கிரீன்ல படாது. ஆப்பு போட்டு விடுறதும் சும்மாதான். இன்னும் என்ன வேணும், சோறும் போடணுமா?

— போட்டாச் சாப்புடுறேன். சரி, பொழுதுபோக என்ன வச்சிருக்க, சொல்லு.

— கேரம், செஸ்ஸு, பழைய பாட்டு போடுற ரேடியோ. வீட்டுக்கு, பஞ்சாங்கமும் கரண்ட் பில்லும். இந்தா, இந்தி நோட்டீஸ போட்டோ பிடிச்சா தமிழ்ல வாசிச்சுக் காட்டும். நம்ம தீவுல நெட்டு வந்தா வந்தது, போனாப் போனது. அதனால நெட்டு இல்லாட்டியும் ஓடுறதா பாத்துப் பாத்து போட்டிருக்கேன். இது திசை காட்டுற முள்ளு, முழு ஓசி.

— திசை எனக்கு எதுக்கு? ஷாதிபூர் வீட்டுலருந்து ஆபீஸு, ஆபீஸுலருந்து வீடு. கண்ணக் கட்டி விட்டாலும் போயிருவேன்.

— ஒங்களுக்கு வேண்டாம்னா அழிச்சுக்கிடுங்க. மீன் பிடிக்க டிங்கிப் படகு வச்சிருக்கவன் அத்தன பேரும் என்கிட்ட வந்து இதத்தான் போட்டுட்டுப் போறான். இருங்க சார், என் தம்பி கூப்புடுதான். ஸ்பீக்கர்ல போடுதேன், ஒங்க வேலையும் நடக்கட்டும். ஏல லாரன்ஸு! இந்த மழையில எங்கல சுத்துத? ஆக்கி வச்ச மீனு ஆறிக் கெடக்கு.

— யக்கா... கேக்குதா? யக்கா, நான் கடல்ல நிக்கேன்.

— என்னது? காலையில போனவன் இன்னுமா கடல்ல நிக்க? ஏசி ரிப்பேர் பாக்கவனுக்கு எதுக்குல டிங்கின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே. அத்தான் எங்க? அவரு கூடத்தான போன?

— அத்தான் அவரு டிங்கியில அப்பவே கரைக்கு திரும்பிட்டாரு. நான் வலைய எடுத்துட்டு பின்னால வாரேன்னு நின்னேன். பாரிஷ்னா பாரிஷ் யக்கா, அப்படி ஊத்துது மழ, கண்ணு முன்னால கைய நீட்டுனா கை தெரியல. நார்த் பே லைட் ஹவுஸும் தெரியல, மலையும் தெரியல. எஞ்சின் போட்டு வந்துகிட்டே இருக்கேன், கரை வரல.

— மாதாவே! தனியா விட்டுட்டா வந்தாரு அந்த மனுசன்? வீட்டுக்கு வரட்டும், இன்னைக்கு அவருக்கு சோறு கெடையாது.

— அவர ஏசாத. நான்தான் போங்கன்னு சொன்னேன்.

— பயப்படாத, நான் லைன்லதான் இருக்கேன். நான் போட்டுத் தந்த மேப்ப தொற. அந்தமான் மொத்தத்தையும் எறக்கி வச்சிருக்கேன், நெட்டே வேண்டாம். நீ நிக்கிற எடம் புள்ளியாத் தெரியும்.

— அது... அது இல்லக்கா.

— இல்லன்னா?

— அழிச்சிட்டேன். கிரிக்கெட் கேமு எறக்க எடம் பத்தல.

— அடப்பாவி! பன்னி! கேமுக்காக மேப்ப அழிச்சியால?

— தாயி, ஏசுறத அவன் கரைக்கு வந்தப்புறம் ஏசு. தம்பி, நான் சொக்கலிங்கம் பேசுறேன், ஷிப்பிங் ஆபீஸு. பெட்ரோல் எம்புட்டு இருக்கு?

— கேன்ல பாதிகூட இல்ல சார். பேட்டரியும் செவப்புல நிக்கி.

— ஆக்சிலியா, ஒன் போன்ல அவன் இருக்கட்டும். ஆபீஸ் போன் என்கிட்ட இருக்கு, அதுல கோஸ்ட் கார்டுக்கு அடிக்கிறேன். அங்கிட்டு இருக்கிறவங்களோட தெனமும் பேசுறதுதான். ஹலோ... ஜீ சாப், சொக்கலிங்கம். ஏக் டிங்கி ஹை, பாரிஷ் மே ரஸ்தா நஹி மில் ரஹா... ஏக் ஆத்மி... தம்பி, மழையில வழி தெரியாம ஒரு ஆளு நிக்கிறான்னு சொல்லிட்டேன், எந்த எடம்னு கேக்குறாரு.

— எந்த எடம்னு தெரிஞ்சா நான் ஏன் சார் கூப்புடுதேன்!

— ஏல, பதறாத. பச்சக் கலர்ல ஒரு ஆப்பு இருக்கும், வெறும் நம்பரா காட்டும். அதையாச்சும் விட்டு வச்சிருக்கியா, இல்ல அதையும் கேமுக்கு பலி குடுத்தாச்சா?

— இருக்கு, இருக்கு. அது சின்ன ஆப்புன்னு விட்டுட்டேன். தொறக்கேன்... அரே யார், ஸ்கிரீன் பூரா விளம்பரம். ரம்மி ஆட வான்னு கூப்புடுது!

— மூலையில பெருக்கல் குறி வரும், அது வர வரைக்கும் தொடாத. ஒருதரம் காசு கட்டித் தொலைன்னு எத்தன தரம் சொன்னேன். கேட்டியா?

— வந்துருச்சி. மேல பதினொண்ணு புள்ளி ஆறு ஏழு. கீழ தொண்ணூத்திரெண்டு புள்ளி எட்டு எட்டு.

— ஜீ சாப், லிக்கியே. இலவன் பாயிண்ட் சிக்ஸ் செவன்... ஹா, நைண்டி டூ பாயிண்ட் எய்ட் எய்ட். அவங்க படக கெளப்புறாங்களாம் தாயி. வேற படகு எதுவும் வெளிய உண்டான்னு கேக்குறாரு.

— இல்ல சார், எங்க வீட்டுக்காரரு எப்பவோ கரையேறியிருப்பாரு. பட்டன் வச்ச பழைய போனு அவருக்கு, அதையும் பாலித்தீன்ல சுத்தி எஞ்சினுக்கு அடியில சொருகி வச்சிருப்பாரு. ஜங்லிகாட் கரையில வல ஒதறிக்கிட்டு நிப்பாரு பாருங்க, இங்க என் உசுரு போகுதுன்னு தெரியாம.

— நஹி சாப், தூஸ்ரா கோயி நஹி. வேற யாரும் இல்லன்னு சொல்லிட்டேன் தாயி. தம்பி, எஞ்சின நிறுத்திட்டு நின்ன எடத்துலயே நில்லுங்கிறாரு.

— நிக்க முடியாது சார். நின்னா அலை பக்கவாட்டுல அடிச்சு தண்ணி உள்ள வருது. இப்பமே கணுக்காலு முங்கிருச்சி. ஒரு கையில வாளி, ஒரு கையில எஞ்சின் கைப்பிடி, போன ரெண்டு முட்டுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டுல்லா இருக்கேன்! நேரா மேக்கதான் வாரேன், கரை வந்துரும்.

— மேக்கன்னு எப்புடித் தெரியும்?

— அக்கா போட்ட முள்ளு இருக்குல்லா சார். அதப் பாத்துதான் ஓட்டுதேன்.

— ஏல, அது எட்டு போடச் சொல்லுச்சா? போன காத்துல எட்டு மாதிரி சுத்தணும், அப்பதான் முள்ளு சரியா நிக்கும்.

— போட்டேன்க்கா, ரெண்டு தரம் போட்டேன். முள்ளு ஆடாம நிக்கி.

— அப்ப சரியாத்தான் இருக்கும். அப்படியே வா. சார், இருட்டுறதுக்குள்ள வந்துருவாங்கல்ல? இங்க அஞ்சரைக்கெல்லாம் இருட்டிப் போகுமே. எங்கம்மா சாகையில இவன் கையத்தான் என் கையில பிடிச்சுக் குடுத்தா. ஏல லாரன்ஸு, பேசிக்கிட்டே இருல.

— தாயி, கொஞ்சம் பொறு. தம்பி, அந்த நம்பர இன்னொருவாட்டி வாசி. சாப் கேக்குறாரு.

— மேல அதேதான். கீழ... எட்டு ஒம்போது.

— எட்டு எட்டுன்னுல்ல சொன்ன?

— இப்ப எட்டு ஒம்போது.

— ஹலோ சாப்... ஜீ... ஜீ... அரே பாப்ரே. தாயி, பையன் கரைக்கு வரலையாம். கெழக்க போய்க்கிட்டு இருக்கானாம்.

— என்ன சார் சொல்லுதீங்க? அவன் மேக்க வாரான்னு சொல்லுதானே.

— கீழ இருக்கிற நம்பரு ஏறுனா கெழக்கு, எறங்குனா மேக்காம். இவனுக்கு ஏறுது. அதாகப்பட்டது, அங்கிட்டு போகப் போக தண்ணியத் தவிர ஒண்ணும் கெடையாது. சிக்னலும் இருக்காது. திரும்பச் சொல்லு.

— இல்ல சார், நான் மேக்கதான் ஓட்டுதேன்! முள்ளு என் கண்ணு முன்னால நிக்கி!

— கோஸ்ட் கார்டுகாரன் பொய்யா சொல்றான்?

— அந்த முள்ளு ஆப்ப நூறு போன்லயாவது போட்டிருப்பேன் சார். ஒருத்தன் வந்து குத்தம் சொன்னதில்ல. அந்த நம்பர் ஆப்புதான் மழையில தப்பாக் காட்டுதோ என்னமோ.

— யக்கா, ரெண்டும் நீ போட்டதுதான். ஒண்ணு மேக்குங்குது, இன்னொண்ணு கெழக்குங்குது. எத நம்ப? பெட்ரோல் ஒரு பக்கம் போகத்தான் காணும். தப்பான பக்கம் போயிட்டேன்னா திரும்பி வர ஒரு சொட்டு இருக்காது. ஒண்ணச் சொல்லுக்கா.

— இருல. என்னப் போட்டு கொல்லாத, இரு.

— சொல்லுக்கா! தண்ணி ஏறுது!

— சார், ஒங்க புதுப் போன குடுங்க. குடுங்கன்னு சொல்லுதேன்! அந்த முள்ளு இதுலயும் இருக்கு. கப்பல் நிக்கிற ஜெட்டி நமக்கு வடக்கதான? இந்தா, ஜெட்டியப் பாத்து பிடிக்கேன். சார்... இது ஜெட்டிய தெக்குங்குது.

— புதுப் போனும்மா அது! கெட்டுப்போனத என் தலையில கட்டிட்டியா?

— என் போன்ல பாக்கேன். லாரன்ஸு, கட் பண்ணல, லைன்லதான் இருக்கேன். என்னோடது ஜெட்டிய வடக்குங்குது. ஒரே ஆப்பு, ஒரே எடம். ஒங்க போன்ல இருக்கு, என் போன்ல இல்லாதது என்ன? கவரு. இந்த ஒட்டுற கவரு! கழத்துதேன்... மாதாவே. திரும்புது சார். முள்ளு அப்படியே திரும்புது.

— கவருக்கும் முள்ளுக்கும் என்னம்மா சம்மந்தம்?

— டக்குன்னு ஒட்டுறதுக்கு உள்ள காந்தம் வச்சிருக்கான் சார். அது பக்கத்துல இருந்தா முள்ளு எங்க சரியா நிக்கும்? ஐயோ, நானே என் தம்பிக்கு இத மாட்டி விட்டேனே, நனையாம இருக்கும்னு நானே என் கையால மாட்டி விட்டேனே! ஏல லாரன்ஸு, கேக்குதா? போனு கவர கழத்திக் கடல்ல எறி!

— கவர கழத்துனா போன் நனைஞ்சு செத்துரும்க்கா. மழ ஊத்துது!

— செத்தா சாவட்டும், நீ இருந்தாப் போதும். கழத்தி ஒரே ஒரு தரம் முள்ளப் பாரு. மேக்கு எந்தப் பக்கம், அலை எந்தப் பக்கமிருந்து அடிக்குன்னு மனசுல ஏத்திக்கிடு. அதுக்கப்புறம் போனே வேண்டாம், அலைய வச்சே வந்துரலாம்.

— கழத்துதேன்... போயிருச்சி, கவரு போயிருச்சி. யக்கா!

— என்னல?

— யக்கா, முள்ளு சுத்திருச்சி! மேக்குன்னு காட்டுன பக்கத்த இப்ப கெழக்குங்குது. நான் இம்புட்டு நேரமும் வெளிக்கடலுக்குல்லா ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

— திருப்பு. மெதுவாத் திருப்பு, அலைக்கு குறுக்க காட்டாத. திருப்பிட்டியா?

— திருப்பிட்டேன். அலை எடது தோள்ல அடிக்கி.

— அப்படியே எடது தோள்லயே வாங்கிக்கிட்டு வா. நம்பர் ஆப்பப் பாரு, கடைசி நம்பர் ஏறுதா, எறங்குதா?

— நிக்கி... இன்னும் நிக்கி... எறங்குது! எறங்குதுக்கா! எட்டு எட்டுக்கு வந்துருச்சி!

— சாப், லௌட் ரஹா ஹை, லௌட் ரஹா ஹை! தாயி, திரும்பி வர்றான்னு சொல்லிட்டேன், அவிங்க படகு ஹார்பர தாண்டிருச்சாம். இவன் இதே மாதிரி வந்தா இருட்டுறதுக்குள்ள பிடிச்சிரலாமாம். முருகா! இங்க பாரு, எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

— சார், நீங்க இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேன். ஒங்களுக்கு எந்த ஆப்பு வேணும்னாலும் காசு நான் கட்டுதேன். அந்தக் கவர மட்டும் குப்பையில போடுங்க. ஏல லாரன்ஸு, நான் இப்பமே ஜங்லிகாட்டுக்கு ஆளனுப்பி ஒங்க அத்தான எதுக்க வரச் சொல்லுதேன். அவரு எஞ்சின் பெருசு, கோஸ்ட் கார்டுக்கு முந்தி ஒன்கிட்ட வந்து நிப்பாரு. ஏன்ல அழுவுத? அழுவாதல. கரை வந்துரும்.

— யக்கா...

— சொல்லுல.

— அத்தானத் தேடி கரைக்கு ஆளனுப்பாத. சார்கிட்ட சொல்லி கோஸ்ட் கார்டுக்கு இன்னொரு டிங்கி வெளிய இருக்குன்னு சொல்லச் சொல்லு.

— என்னல உளறுத?

— காத்து சுத்திச் சுத்தி அடிச்சதுல அத்தானுக்கே திக்குத் தெரியலக்கா. கரை எந்தப் பக்கம்னு என்கிட்டதான் கேட்டாரு. நான்தான் இந்த முள்ளப் பாத்து, அந்தா அதுதான் கரை, நிக்காமப் போங்கன்னு கைய நீட்டி அனுப்பி வச்சேன்.