ஆறாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

பாரதி தம்பிக்கு,

நினைவு மலரை அச்சுக்கு அனுப்பும் முன்னால் ஒரு பிரதி கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னாயே, சந்தோஷம். தாள் நல்ல தாள். எழுத்தும் என் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. பொன்னுரங்கத்தின் படமும் நன்றாக விழுந்திருக்கிறது. அது அவன் கல்யாணத்தன்று தியாகதுருகத்து ஸ்டூடியோவில் எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டு அவனை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அவன் தோளில் கிடக்கும் கை என்னுடையதுதான். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் தப்பு. "எண்பத்தேழாம் வருஷத்து மறியலின்போது சாலையோரப் புளியமரத்தில் ஏறிய இவர், கயிறு அறுந்து கீழே விழுந்து உயிர்நீத்தார்" என்று போட்டிருக்கிறீர்கள். கயிறு அறவில்லை. அவன் கீழே விழவும் இல்லை. உயிர்நீத்தது மட்டும் சரி.

இதற்குப் போய் ஒரு கடிதமா என்று நினைக்காதே. அந்தக் கயிறு என் கயிறு. கற்றாழையை ஊறப்போட்டு நாரெடுத்து, மூன்று புரியாக நானே திரித்தது. என் தங்கை தைலம்மாள் ஒரு முனையில் உட்கார்ந்து கொக்கியைச் சுற்றிக்கொடுத்தாள். அவன் செத்த பிறகும் பதினோரு வருஷம் அதை வைத்துத் தொழில் செய்தேன். இன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. வந்து இழுத்துப் பார்த்துக்கொள். அப்படிப்பட்ட கயிறு அறுந்தது என்று நாலு பேர் படிக்கிற மலரில் வந்தால் தொழில்காரனுக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உனக்கு விளங்கும். வீட்டின்மேலும் கரண்டுக் கம்பியின்மேலும் சாய்ந்து நிற்கிற மரங்களை, எதன்மேலும் விழாமல் கிளை கிளையாகக் கழித்து இறக்குவது எங்கள் வேலை. ஏறுகிறவன் இடுப்பில் கயிற்றின் ஒரு முனை. அது உச்சிக் கவையில், அதாவது கிளை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஏறி இறங்கி, மறுமுனை கீழே நிற்பவன் கையில் இருக்கும். அவன் போகப் போக இவன் விடுவான். கால் வழுக்கினால் பிடிப்பான். நடுமரத்தில் இருக்கும்வரை இது போதும். ஆனால் ஏறினவன் ஒரு கிளையின் நுனிப்பக்கம் நடந்தால் கயிறு தலைக்கு நேரே இருக்காது, சாய்வாக வரும். அங்கே வழுக்கினால் கீழே விழமாட்டான், ஊஞ்சல் மாதிரி வீசிக்கொண்டு போய் நடுமரத்தில் மோதுவான். அதனால் போகிற வழியில் தலைக்கு மேலே இருக்கும் இன்னொரு கவையில் கயிற்றைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். அதை நாங்கள் மாத்துக்கவை என்போம். அது நின்றால் ஆள் நிற்பான்.

எந்தக் கவை என்று முடிவு செய்வது மேலே இருப்பவன் இல்லை. அவன் மூஞ்சிக்கு எதிரே தழைதான் இருக்கும். கீழே இருப்பவன் மரத்தைச் சுற்றி வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துச் சொல்வான். சொன்ன கவையில் மறுபேச்சு இல்லாமல் போடவேண்டும். அதனால்தான் எங்கள் ஆட்களில் கயிறு பிடிக்கப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத் தவிர வேறு யாரையும் வைக்கமாட்டார்கள். தங்கச்சி தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான்.

பொன்னுரங்கத்தைத் தைலம்மாளுக்குப் பார்த்து முடித்தவனே நான். எனக்கும் ஏறத் தெரியும். ஆனால் உச்சியில் நின்று சிரிக்கத் தெரியாது. அவன் அங்கே நின்று பீடி பற்றவைத்து, எங்கள் ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குச் செய்தி சொல்வான். ஆறு வருஷம் அவன் மேலே, நான் கீழே. திருநாவலூர் வரைக்கும் 'கொளஞ்சி கோஷ்டி' என்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கொளஞ்சியப்பன் என்பது என் பெயர் என்று உனக்கே தெரியும்.

அந்த வருஷம் மாசியில் கல்வராயன் மலைக்குக் கடுக்காய் உலுக்கப் போனோம். எனக்குக் காய்ச்சல் வந்து வெள்ளிமலையில் நாலு நாள் படுத்துவிட்டேன். அந்த நாலு நாளில் அவன் ஒரு வேலை செய்துவிட்டான். கயிற்றின் மறுமுனையைக் கீழே விடாமல் தன் இடுப்புக்கே கொண்டுவந்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான். கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் இறுகும். ஏறவும் இறங்கவும் மாத்துக்கவையில் போட்டுக்கொள்ளவும் அவன் ஒருத்தனே போதும். எனக்குக் காய்ச்சல் விட்டதும் கூட்டிப்போய் ஏறிக் காட்டினான். நல்ல முடிச்சு. அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

இறங்கிவந்து, "மச்சான், இனிமே நீ கழுத்து வலிக்க அண்ணாந்துகினு நிக்கத் தாவல. நெழலுல குந்து. எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். இது ஆபத்து மாப்பிள்ளை என்றேன். என்ன ஆபத்து என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

புரட்டாசி பிறந்த கையோடு, இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரம் வெட்டிப் போடுகிற அந்த மறியல் வந்தது. உனக்கு அப்போது நாலு வயது இருக்குமா? ரோட்டில் பஸ் இல்லை, லாரி இல்லை, கரும்பு வண்டிகூட இல்லை. ஊரே ரோட்டில்தான் இருந்தது. திருவிழா மாதிரி என்று சொன்னால் இப்போது கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது. எவ்வளவு பெரிய மரமானாலும் கம்பியில் படாமல் ரோட்டுக்குக் குறுக்கே படுக்கவைக்கத் தெரிந்தவன் என்று பொன்னுரங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் நாலு மரம் போட்டான். நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். சோறு போடுகிற இடத்தில் ஒரு பையன் என்னைப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு வந்த, வேடிக்க பாக்கவா?" என்று கேட்டான். எனக்கு வருத்தமில்லை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தால் சாம்பார் கெட்டியாக இருக்கும்.

ஐந்தாவது மரம்தான் நீங்கள் இப்போது கல் நட்டிருக்கிற இடத்தில் நின்ற புளி. அதன் ஒரு பெருங்கிளை பக்கத்துக் குடிசையின்மேல் போயிருந்தது. உள்ளே காசியம்மாள் என்று ஒரு கிழவி. மரத்தை அப்படியே சாய்த்தால் கிளை குடிசையைப் பெயர்த்துக்கொண்டு போகும். போனால் போகட்டும் என்றார்கள் சிலர். பொன்னுரங்கம் கேட்கவில்லை. அந்தக் கிளையை முதலில் துண்டு துண்டாக இறக்கிவிட்டு அப்புறம் மரத்தைத் தொடுவோம் என்றான். அவன் நல்லவன். மலரில் நீங்கள் எழுதியிருப்பதைவிட நல்லவன்.

அவன் ஏறிக்கொண்டிருக்கும்போது தைலம்மாள் கூழ் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். நான் பழக்கதோஷத்தில் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். வலப்பக்கம் ஒரு கவை இருந்தது, ஆள் தொடை மொத்தம், முழுசு. இடப்பக்கமும் ஒன்று இருந்தது. முன்னாலிருந்து பார்க்க அதுவும் அழகாகத்தான் இருந்தது. பின்பக்கம் மைனா பொந்து. காலையிலிருந்து ஒரு மைனா அதற்குள் போய்வந்துகொண்டிருந்தது. உள்ளே கவை முழுக்க வெறும் பொள்ளல். அவன் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது.

புதுமுறை வந்த பிறகு அவன் என்னைக் கேட்க வேண்டியதே இல்லை. ஆனாலும் ஆறு வருஷப் பழக்கம் விடுமா? மேலேயிருந்து குரல் கொடுத்தான்.

"மச்சான், மாத்துக்கவ எது?"

"எடப்பக்கம், ரெண்டாவது" என்றேன்.

போட்டான். நுனிப்பக்கம் நடந்தான். முதல் துண்டு கிளையை வெட்டி விட்டதும் மரம் குலுங்கி அவன் கால் நழுவியது. பாரம் முழுக்க அந்தக் கவையில் விழுந்தது. அது அப்பளம் மாதிரி போயிற்று, அவன் வீசிக்கொண்டு போய் நடுமரத்தில் மோதினான்.

புதுமுறையில் குறை இருக்கிறது என்று அவனே ஒருமுறை பார்த்துக்கொண்டால் பழையபடி வந்துவிடுவான், கொஞ்சம் சிராய்ப்போடு போகும் என்று நினைத்தேன் என நான் எழுதலாம். நீயும் நம்புவாய். ஆனால் மலர் என்பது நாளைக்கு நாலு பேர் எடுத்துப் பார்க்கிற விஷயம். நான் அப்படி நினைக்கவில்லை. இடப்பக்கக் கவை விட்டால் அவன் வீசிக்கொண்டு போய்ச் சேருகிற இடத்தில், நடுமரத்தில், பழைய கிளைக்கட்டை ஒன்று முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சு உயரத்துக்கு வரும் என்று பார்த்துக்கொண்டேன். பிறகுதான் சொன்னேன்.

கயிறோ இம்மிகூட இறங்கவில்லை. இதை நீ கவனிக்கவேண்டும். பதினெட்டடி உயரத்தில் அவனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. அறுந்திருந்தால் கீழே விழுந்திருப்பான் அல்லவா? கூட்டமே பார்த்தது, அவன் தொங்கினான். முடிச்சு அவன் இடுப்பில் இருந்ததால் கீழே இருந்தவர்கள் யாராலும் அவனை இறக்கவும் முடியவில்லை. கயிற்று முனை என் கையில் இருந்திருந்தால் நொடியில் இறக்கியிருப்பேன். நான் சொன்ன ஆபத்து இதுதான். கடைசியில் நானே ஏறித் தோளில் போட்டு இறக்கினேன். அதற்காக என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பையனும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உயிர் இருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் ஏற்றினோம். ஏரிக்கரை வண்டிப்பாதையா, மெயின் ரோடா என்று என்னைத்தான் கேட்டார்கள். "ரோட்டுல போங்க, ஆட்டம் கம்மியா இருக்கும்" என்றேன். வண்டிப்பாதையில் ஒரு தடையும் கிடையாது. ரோட்டில் ஒன்பது மரம் கிடந்தது. அதில் நாலு அவனே அழகாகப் படுக்கவைத்தவை. ஒவ்வொரு மரத்திலும் வண்டியை விட்டுவிட்டு ஆளைத் தூக்கித் தாண்டவைத்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பார்க்கவேண்டும். நல்லவேளையாக உதவிக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது மரம் தாண்டியதும் அவனுக்கு நினைவு வந்தது. தலை என் மடியில் இருந்தது. "அந்தக் கவையில இன்னா கொறன்னு தெரியல மச்சான். நீ பாத்துதானே சொன்ன" என்றான். பழி சொல்லவில்லை, ஏதோ நான் வருத்தப்படுவேனே என்று சமாதானம் சொல்கிற குரல்.

"பாத்துதான் சொன்னேன் மாப்ள" என்றேன். அவனிடம் நான் ஒருநாளும் பொய் பேசியதில்லை. ஏழாவது மரத்தில் போய்விட்டான்.

அதன் பிறகு எங்கள் ஆட்களில் யாரும் தனியாகக் கயிறு கட்டி ஏறவில்லை. அந்த முடிச்சு அவனோடு போயிற்று. எனக்கு முட்டி விட்டுப்போகும்வரை நான்தான் கீழே நின்றேன், ஒரு ஆளுக்குக்கூட நகத்தில் காயம் பட்டதில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

தைலம்மாளுக்குத்தான் கொஞ்சம் கூச்ச சுபாவம் வந்துவிட்டது. பெண் பிறந்ததும் மூங்கில்துறைப்பட்டுக்குக் குடிபோய் ஆலைப்பக்கம் இட்லிக்கடை போட்டாள். நான் போனால் உள்ளே போய்விடுவாள், கடையில் இருப்பவர்கள் காப்பி கொடுப்பார்கள். பெண் கோகிலவாணி வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு தட்டோடு போனேன். அதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரரை மாமன் முறைக்கு உட்காரவைத்து மாலை போடவைத்துவிட்டாள். எனக்கு எதற்குச் சிரமம் என்று நினைத்திருப்பாள். தட்டைக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே திரும்பினேன், வழியெல்லாம் பூ நல்ல வாசனையாக இருந்தது.

ஆகவே ஆறாம் பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு, "மச்சான் கொளஞ்சியப்பன் சொன்ன பொந்துக் கவையில் கயிறு போட்டதால் இறந்தார், கயிறு அறவில்லை" என்று போட்டுவிடு. என் பெயர் வரவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வந்தால் வரட்டும், ஆகவேண்டியது ஆகட்டும். கயிறு அறவில்லை என்பது மட்டும் விட்டுப்போகக்கூடாது.

அந்த வரியை யார் கொடுத்தது என்று நேற்று உன்னைக் கேட்டேன். தைலம்மாள் அத்தைதான் என்றாய். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை தம்பி. அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் இடப்பக்கம் என்று சொன்னதைக் கேட்டாள். மைனாவைக்கூட, "அண்ணா, அங்க பாரு, குஞ்சு பொரிச்சிருக்கு போல" என்று எனக்குக் காட்டியவளே அவள்தான். ஆனால் தாசில்தாரும் போலீஸும் வந்து யார் பார்த்தது என்று கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன்னால் அவள் எழுந்து முன்னே வந்து நின்று, "கவுறு அத்துடுச்சிங்க, எங்கண்ணன் மேல ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், கேட்கிறவர்களுக்கெல்லாம் இன்றுவரை அதையே சொல்லிவருகிறாளாம்.

தன் கையால் கொக்கி சுற்றித் திரித்த கயிற்றின்மேல் அவளுக்கு அப்படி என்ன கோபம் என்று இத்தனை வருஷமாக யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.