பொட்டு வைத்த பங்குப் பத்திரம்

வேலம்பாளையம் பஸ்ஸில், பனியன் மூட்டைக்கும் ஜன்னல் வெயிலுக்கும் நடுவே நசுங்கி நின்ற என் காதில், முன்சீட்டு இளைஞர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னது விழுந்தது.

"சாமி கும்பிட்டே நட்டமாயிப்போச்சுங்க மாமா."

"அதெப்படீங்க மாப்ளே?"

"அப்பா உட்டுட்டுப்போன மில்லுப் பங்குப் பத்திரமுங்க. வருசாவருசம் ஆயுத பூசைக்கு அம்மா சந்தனமும் குங்குமமும் வெச்சு, நம்பரே தெரியலீங்க. புரோக்கரு பாதி வெலைதான்னுட்டாரு."

"குடுத்துப்போட்டீங்களா?"

"பனியன் தைக்கற பழைய ஓவர்லாக் மிசினு ஒண்ணு பேசி வெச்சிருக்கனுங்க. இன்னைக்குப் பணம் கட்டலீன்னா கைவிட்டுப் போயிருமுங்க. குடுத்துட்டனுங்க."

"கறைபட்ட காயிதத்தை மூஞ்சியச் சுளிச்சுட்டுத்தான் வாங்கிருப்பாரு?"

"அட, நீங்க வேற! கண்ணுல ஒத்தித்தானுங்க பொட்டியில வெச்சாரு."

"அப்ப மீதி வெலையக் கேட்டிருக்கோணுமில்லீங்க?"

"கேட்டனுங்க. 'சாமிக்குப் போயி வெலை பேசலாமா'ன்னுட்டாரு."