ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்

— முதல்ல அந்த அடிமட்டத்தைக் கீழ வையுங்கோ. என்னத்துக்கு முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறியள்?

— நான் ஒண்டும் ஒளிக்கேல்லை.

— அப்ப அது என்ன, வாலோ?

— ...நீர் எப்பிடி இஞ்ச வந்தனீர், தர்மி?

— அதை நான்தான் கேக்கோணும். விடியக்காலமை என்ன சொல்லிப்போட்டு வெளிக்கிட்டனீங்கள்? லான்மாஸ்டர் உழவு மிசினுக்குச் சாமான் வாங்கப் பளைக்குப் போறன் எண்டு. இது பளையோ?

— மெல்லக் கதையும். அங்கால பெடியள் பாக்கிறாங்கள்.

— பாக்கட்டும். ஓ.எல். எழுத வந்த பிள்ளையளுக்கு நடுவில மீசையோட ஒரு ஆள் அடிமட்டம் பிடிச்சுக்கொண்டு நிண்டால் பாக்காமல் என்ன செய்வினம்?

— சரி... சோதினைதான். பிரைவேட்டா எடுக்கிறன்.

— என்ன பாடம்?

— இண்டைக்கு எல்லாருக்கும் ஒரு பாடம்தானே. கணக்கு.

— கணக்கோ? அதை நீங்கள் எப்பவோ பாஸ் பண்ணின ஆள் எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவை.

— நான் சொல்லேல்லை. மாமா சொன்னவர்.

— குகதாசன் மாமாவோ?

— ஓம். உம்மைப் பாக்க வந்த அண்டைக்கு. உம்மட பெரியம்மா தேத்தண்ணியைக் கொண்டந்து வச்சுப்போட்டு, எங்கட பிள்ளைக்குக் கணக்கில 'பி' எண்டவா. அதைக் கேட்டவுடன மாமாவுக்கு ரோசம் வந்திட்டுது. எங்கட பெடியனும் எல்லாப் பாடமும் பாஸ்தான் எண்டிட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையை வாயில வச்சபடி இருந்தனான். என்னத்தைச் சொல்ல?

— ஓ... அந்தத் தேத்தண்ணி அண்டைக்கு உங்களுக்குப் புரைக்கேறினது அதுக்குத்தானோ?

— அதுக்குத்தான்.

— நான் சீனி கூடிப்போச்சு எண்டு நினைச்சனான்.

— சீனியும் கூடத்தான்.

— சும்மா இருங்கோ.

— அதுசரி, கேற்றில பொலிஸ் நிக்குது. சோதினை எழுதுற ஆக்களை மட்டும்தானே உள்ளுக்கு விடுகினம். உம்மை எப்பிடி விட்டவை?

— அடையாள அட்டையைக் காட்டினன். விட்டவர்.

— அதைக் காட்டினால் விடுவினமோ?

— என்னை விட்டவை. கதையை மாத்தாதேங்கோ. உங்கட அனுமதி அட்டை எங்க வந்தது? எங்கட வீட்டுக்குத் தபாலில ஒண்டும் வரேல்லையே.

— எங்கட நீர்ப்பாசனக் கந்தோருக்கு வந்தது. அங்கத்தைப் பெரியவர் தில்லைநாதன் ஐயாதான் தன்ர விலாசத்தைப் போடச் சொன்னவர். அவர்தான் இதுக்கெல்லாம் காரணம்.

— அவர் என்ன சொன்னவர்?

— என்னைப்போல வாய்க்காலில நாட்கூலிக்கு அமய வேலை செய்யிறவையை நிரந்தரமாக்கப் போயினமாம். ஆனால் கணக்கு வேணுமாம். எனக்கு மற்றதெல்லாம் கிடக்கு, கணக்கு மட்டும்தான் இல்லை. வாற வருசம் எண்டால் எனக்கு வயசு கடந்திடும். இதுதான் கடைசி, ஜனகன், வீட்டில சொல்லிப்போட்டுப் படி எண்டவர்.

— வீட்டில சொல்லிப்போட்டு எண்டவரெல்லோ.

— அந்தத் துண்டை மட்டும் நான் கேக்கேல்லை.

— அப்ப இவ்வளவு நாளும் எங்க இருந்து படிச்சனீங்கள்?

— குளக்கட்டில. தண்ணி திறக்கிற துருசுக்குப் பக்கத்தில ஒரு மருதமரம் நிக்குதெல்லோ... அதுக்குக் கீழ இருந்து போனில பாக்கிறது. கொழும்பில இருந்து ஒரு ரீச்சர் படிப்பிக்கிறா. நல்லாச் சொல்லித் தருவா.

— ரீச்சரோ? பொம்பிளையோ?

— ஓம். ஏன்?

— நான் ஒருநாள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தனான், ஞாபகமே? கட்டில ஏறேக்க உங்கட போனில ஒரு பொம்பிளைக் குரல் கேட்டது. என்னைக் கண்டவுடன போனைப் பொக்கற்றுக்க வச்சிட்டியள்.

— அது... அவா அண்டைக்குக் காரணிப்படுத்தல் சொல்லிக்கொண்டு நிண்டவா.

— எனக்கு எப்பிடித் தெரியும் அவா காரணி சொன்னவா எண்டு? நான் சாப்பாட்டை வச்சுப்போட்டுத் திரும்பி நடந்தனான். வீடு மட்டும் அழுதுகொண்டு நடந்தனான்.

— ஐயோ, தர்மி...

— குரலும் வடிவான குரல்.

— அவாவுக்கு எங்கட அம்மாவின்ர வயசிருக்கும்.

— இருக்கட்டும். இப்ப எனக்கு... என்ன சொல்லுறது, நெஞ்சில கிடந்த கல்லொண்டு இறங்கினமாதிரிக் கிடக்கு. இருங்கோ இதில, இந்த மரத்து வேருக்கு மேல. சாப்பிட்டனீங்களோ?

— இல்லை. ரெண்டாம் பேப்பருக்கு அரை மணித்தியாலம்தான் விட்டிருக்கு.

— இந்தாங்கோ. இடியப்பமும் சம்பலும்.

— எனக்கெண்டோ கொண்டந்தனீர்?

— ...சாப்பிடுங்கோ.

— ஒரு பாசல்தானே கிடக்கு. நீர்?

— நாலைஞ்சு தாங்கோ, காணும்.

— பிள்ளையை ஆரட்ட விட்டனீர்?

— அம்மாட்ட. நேற்றுப் பின்னேரமே கொண்டுபோய் விட்டனான்.

— நேற்றோ? நான் இஞ்ச வாறது நேற்று உமக்குத் தெரியாதே.

— அம்மாவுக்குப் பிள்ளையைப் பாக்க ஆசையாக் கிடந்ததாம். ஏன், பாட்டி பேத்தியைப் பாக்கக் கூடாதோ?

— பாக்கட்டும். அங்கயும் சுவரில கீறி வைக்காட்டில் சரி. குசினிச் சுவர் முழுக்கக் கரியால கிண்ணம் கிண்ணமாக் கீறி வச்சிருக்கிறாள். நேற்று முந்தநாளும் ஏசினனான்.

— ...ஓம். ஏசினீங்கள்.

— அழுதவளோ?

— கொஞ்சம். முதல் பேப்பர் எப்பிடி?

— பரவாயில்லை. பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் ரெண்டாம் பேப்பரில வரைபு வரும். அதிலதான் நான் விழுறது. முந்தியும் அதிலதான் விழுந்தனான்.

— இருபடிச் சார்போ?

— பாருமன், பேரைக் கேட்டவுடன உமக்கு என்னெண்டு தெரியுது. 'பி' எடுத்த ஆள் எண்டால் சும்மாவோ.

— அதை விடுங்கோ. என்ன விளங்கேல்லை?

— எல்லாம் விளங்குது. அட்டவணையை நிரப்புவன். புள்ளியெல்லாம் குறிப்பன். கடைசியில ஏதோ பிழைச்சுப்போகும். போன கிழமை ஒண்டு செய்து பாத்தனான். எக்ஸ் வர்க்கம் சய மூண்டெக்ஸ் சய ரெண்டு.

— இந்தத் தடியால மண்ணில கீறுங்கோ பாப்பம்.

— இது எக்ஸ், இது வை. சய ஒண்டுக்கு ரெண்டு. பூச்சியத்துக்குச் சய ரெண்டு. ஒண்டுக்குச் சய நாலு. ரெண்டுக்கும் சய நாலு. பேந்து மூண்டுக்குச் சய ரெண்டு, நாலுக்கு ரெண்டு.

— எல்லாம் சரி. சய ஒண்டை வர்க்கிக்கேக்கக் கழித்தல் குறி போயிடும் எண்டது தெரிஞ்சிருக்கே உங்களுக்கு.

— அதுக்கு அந்த ரீச்சரிட்ட நல்லாப் பேச்சு வாங்கினனான்.

— அவா போனுக்குள்ள இருந்து உங்களைப் பேசினவாவோ?

— எல்லாருக்கும் பொதுவாத்தான் பேசினவா. எனக்கு என்னைப் பேசினமாதிரிக் கிடந்தது.

— சரி, இப்ப புள்ளியளைத் தொடுத்துக் கீறுங்கோ.

— இப்பிடி இறங்கி... இப்பிடி நேர... பேந்து இப்பிடி ஏறி...

— பொறுங்கோ. இதென்ன? ஒண்டுக்கும் ரெண்டுக்கும் நடுவில அடிமட்டம் வச்சமாதிரி நேர இழுத்திருக்கிறியள்?

— ரெண்டிலயும் சய நாலுதானே.

— ஓம். அதுக்கு?

— ரெண்டு தலைப்பும் ஒரே மட்டமெண்டால் நடுவும் அதே மட்டம்தானே. தண்ணி விடேக்க நாங்கள் அப்பிடித்தான் பாக்கிறது. வயலின்ர இந்தத் தலைப்பில ஒரு தடி, அந்தத் தலைப்பில ஒரு தடி. ரெண்டிலயும் தண்ணி ஒரே உயரமெண்டால் வயல் முழுக்க அதே உயரம். நடுவில இறங்கி ஆரும் அளக்கிறேல்லை.

— ...

— என்ன சிரிக்கிறீர்?

— இல்லை. உங்கட கையில பிழையில்லை, உங்கட வேலையிலதான் பிழை. நீங்கள் பாக்கிறது தண்ணியின்ர மேல். இது மேல் இல்லை. இது அடி.

— அடியோ?

— வாய்க்காலின்ர அடியை நினைச்சுப் பாருங்கோ. இந்தக் கரையோரமா இறங்கினால் முழங்கால் மட்டும் தண்ணி. அந்தக் கரையோரமா இறங்கினாலும் முழங்கால் மட்டும். அப்ப நடுவிலயும் முழங்காலோ?

— நடுவில இடுப்பு மட்டும் வரும். போன மாரிக்குக் கண்டாவளையில சைக்கிளோட விழுந்தனானெல்லே.

— அதுதான். நீங்கள் சைக்கிளோட விழுந்த இடத்துக்குப் பேர் திரும்பற் புள்ளி.

— ஓ...

— ரெண்டு புள்ளியும் ஒரே உயரமெண்டால், ஆழம் ரெண்டுக்கும் சரி நடுவில கிடக்கு எண்டு அர்த்தம். ஒண்டுக்கும் ரெண்டுக்கும் நடு?

— ஒண்டரை.

— அந்த ஒண்டரையைப் போட்டுப் பாருங்கோ. அட்டவணையில இல்லையெண்டு விடக்கூடாது.

— ஒண்டரையின்ர வர்க்கம்... ரெண்டேகால். மூண்டுதரம் ஒண்டரை நாலரை. ரெண்டேகாலில நாலரை போனால் சய ரெண்டேகால். இன்னும் ரெண்டு போனால்... சய நாலேகால்.

— அதுதான் உங்கட இழிவுப் பெறுமானம், ஆகக் கீழ இருக்கிற இடம். சய நாலு இல்லை.

— அட, ஒரு கால்தானே வித்தியாசம்.

— அந்தக் காலிலதான் புள்ளி கிடக்கு. அதைக் கண்டால் சமச்சீர் அச்சும் தன்ரபாட்டில வரும். அதில நிமிர்ந்து ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இங்கால எப்பிடியோ, அங்காலயும் அப்பிடியே.

— இவ்வளவுதானோ? நான் மருதமரத்துக்குக் கீழ எவ்வளவு நாள் இதோட மல்லுக்கட்டினனான்...

— இப்ப திரும்பக் கீறுங்கோ. கையால. அடிமட்டத்தைத் தொடாதேங்கோ.

— அதுக்கோ வந்தவுடன அடிமட்டத்தைக் கீழ வைக்கச் சொன்னனீர்?

— ஓம், எனக்கு முதலே தெரியும் எண்டு வையுங்கோவன். ம்... இப்ப வடிவா வருது. அதில கொஞ்சம் உருட்டுங்கோ. ஓம்.

— இது... குசினிச் சுவரில பிள்ளை கீறின கிண்ணம் மாதிரியே கிடக்கு.

— கவனமாக் கீறுங்கோ.

— எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால சயக்குறி வந்தால்?

— கவிண்டு நிக்கும். அப்ப பள்ளத்துக்குப் பதிலா மேட்டைத் தேடுங்கோ. வேலை அதேதான்.

— தர்மி.

— ம்.

— நான் முதலே உம்மட்டக் கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில இருந்துகொண்டு... வெக்கமாக் கிடந்தது. உமக்கு எல்லாம் தெரியும், இவனுக்கு ஒரு கோடு கீறத் தெரியேல்லை எண்டு நினைப்பீர் எண்டு பயம்.

— தண்ணியைக் குடியுங்கோ.

— சிவனேஸ்வரி ரீச்சர் தன்ர பாலர் பள்ளியில படிப்பிக்க வாரும் எண்டு உம்மை எத்தினைதரம் கேட்டவா. ஓ.எல்.ல கணக்கிருந்தால் காணும் எண்டவா. நீர் போகேல்லை. 'பி' எடுத்த ஆள் ஏன் குசினிக்குள்ள கிடக்கிறா எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

— பிள்ளை சின்னன் எண்டு சொன்னனானெல்லோ.

— இப்ப வளந்திட்டாள்தானே.

— ஓம். வளந்திட்டாள்.

— என்ன, முகம் ஒருமாதிரிப் போச்சு? கோவமோ?

— கோவமில்லை. நிம்மதியாக் கிடக்கு. நீங்கள் நினைக்கிறதைவிடக் கன நிம்மதி.

— எனக்கும்தான். இனி இது சரிவராட்டிலும் பரவாயில்லை. உமக்கு ஒளிக்கத் தேவையில்லை.

— சரிவரும். ஒண்டரையை மட்டும் மறந்திடாதேங்கோ.

— ஒண்டரை இல்லை. சைக்கிளோட விழுந்த இடம்.

— அதுவும் சரி.

— மணி அடிக்குது. நான் போறன். இந்தா, கையைத் துடைக்கக்கூட நேரமில்லை... நீர் வெய்யிலுக்க நிக்காதேயும். முன்னுக்கு வாற பஸ்ஸில ஏறி வீட்ட போம்.

— நான் போகேல்லை.

— மூண்டு மணித்தியாலம் கேற்றடியிலயோ நிக்கப்போறீர்?

— நிக்கேல்லை. இருக்கப்போறன்.

— எங்க?

— மேல்மாடியில, ஜன்னல் கரை மேசை. இஞ்சேருங்கோ, பிள்ளையை இனி ஏசாதேங்கோ, குசினிச் சுவரில கீறினது அவளில்லை. 'பி' எண்டது பெரியம்மாவின்ர வாயில வந்ததுதான், என்ர பெறுபேற்றில இல்லை. என்ர அனுமதி அட்டை அம்மா வீட்டுக்கு வந்தது... முதல் பேப்பரோட என்ர பென்சில் முறிஞ்சுபோச்சு. உங்கடையை ரெண்டா முறிச்சு, எனக்கு ஒரு துண்டு தாங்கோவன்.