தேதி விழும் கேமரா

வா ஆஷா, கிட்ட வந்து உட்கார் கண்ணு. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்கார். காபியில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், வேண்டுமென்றால் சொல். பல்லடத்திலிருந்து நின்றுகொண்டேதான் வந்திருப்பாய், அந்த பஸ்ஸில் யாருக்கு உட்கார இடம் கிடைக்கிறது. நீ கேட்டதற்குப் பதிலைக் கதையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். ஒன்றும் விடாமல் சொல்கிறேன். நடுவில் மட்டும் எழுந்து போய்விடாதே.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. கம்பெனியில் தீப்பிடித்த அன்று பின்கதவுச் சாவி யாரிடம் இருந்தது? அதை ஒரு ஆள் வந்து சொன்னால் போதும், உன் அப்பா காசிமாயன் மேல் இருக்கிற கேஸ் நிற்காது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் வாய்தா. மாப்பிள்ளை வீட்டாரும் அது தெரிந்த பிறகுதான் தட்டு மாற்றுவோம் என்கிறார்களாம். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் சாவிக்கு வரும் முன்னால் கேமராவைச் சொல்ல வேண்டும். அங்கேதான் ஆரம்பம்.

அந்தப் பனியன் கம்பெனி என் தம்பி அர்த்தநாரியுடையது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அங்கே தைத்த துணியில் பழுது தேடுகிற செக்கிங் வேலைக்குப் போனேன். பிறகு ஆபீசுக்கு வந்தேன். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடுத்தவர் தட்டுவதைப் பார்த்துப் பார்த்து நானே பழகிக்கொண்டேன். மார்க்கெட்டிங் டிபார்ட்மெண்ட் என்று கதவில் எழுதியிருக்கும், உள்ளே தம்பி மகன் நித்தீஷும் நானும்தான். இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில் நித்தீஷ், டிஜிட்டல் கேமரா ஒன்று வேண்டும் என்றான். அதுவரை சாம்பிளைக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். படம் எடுத்து மெயிலில் போட்டால் டென்மார்க்கிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

“அத்தை, நீங்களே போய்ப் பாத்து எடுத்துட்டு வந்துருங்க. சேலை எடுக்கறாப்பல நாலு கடை ஏறி எறங்க வேண்டாமுங்க. கலர் மட்டும் கரெக்ட்டா வரோணும். நேவி புளூ கருப்பாத் தெரிஞ்சா அவிய என்னையத்தான் திட்டுவாங்க.”

அதே வாரம் பையரிடமிருந்து இன்னொரு கடிதமும் வந்திருந்தது. செக்கிங் அறையின் பின்கதவு, தீ விபத்துக்கென்று விட்ட கதவு, மாதாமாதம் முதல் தேதியில் திறந்திருப்பதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். படத்தின் மேலேயே தேதி இருக்க வேண்டும்.

அந்தக் கதவு உனக்குத் தெரியாது. திறந்தால் சந்து. சந்து வழியாகத் தைத்த பீஸ் திருட்டாக வெளியே போகிறது என்று தம்பிக்குச் சந்தேகம். அதனால் பூட்டிவிடுவோம். பூட்டின கதவு சும்மாதானே நிற்கிறது என்று அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுவோம். பையர் ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் காலையிலேயே பெட்டிகளை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவைப்போம். நாங்கள் மட்டுமா, அந்த வீதியில் எல்லாக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். வேலை செய்கிற பெண்களுக்கும் தெரியும், வெள்ளைக்காரர் வந்தால் கதவு திறந்திருக்கும் என்று. இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

கோயமுத்தூரில் ஒரு கடையில் இரண்டு கேமராவை எடுத்து வைத்தார்கள்.

“இது அஞ்சு மெகாபிக்சலுங்க. துணியோட தையல எண்ணிப்போடலாம். இது மூணுதானுங்க, ஆனா படத்து மேலயே தேதி விழுமுங்க.”

“அந்தத் தேதி தானா ஓடுமுங்களா, நாம வெச்சுக்கறதுங்களா?”

“மொதல்ல நாம வெக்கறதுதானுங்க. தப்பா இருந்தா மாத்திக்கலாம்.”

“அடுத்த வருசத் தேதி வெச்சாலும் விழுமுங்களா?”

கடைக்காரர் சிரித்தார். “அதுக்கென்னங்க தெரியும், மிசினுதானுங்களே. நீங்க சொல்றதுதான் அதுக்குத் தேதி.”

நான் தேதி விழுகிற மூன்று மெகாபிக்சலையே எடுத்துக்கொண்டேன். நித்தீஷ் முகத்தைச் சுளித்தான். நேவி புளூ கருப்பாகத்தான் வந்தது. பழகிக்கொள் கண்ணு என்றேன்.

மாதாமாதம் பெட்டியை எடுத்து, படம் பிடித்து, மறுபடி அடுக்குவது ஆறு பேருக்கு அரைநாள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் ஒரே தடவை எடுத்து வைத்தேன். வரப்போகிற பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு படம். ஆள் நின்றால் நிஜமாகத் தெரியும் என்று ஒச்சம்மாளை நிற்கச் சொன்னேன். உங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்தான். அடுத்த வருடம் ஆகஸ்டில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

“ஏக்கா, பன்னெண்டு மாசமும் ஒரே துப்பட்டாவுல நின்னா, இந்தப் புள்ளைக்கு மாத்துத்துணி கெடையாதான்னு வெள்ளக்காரன் கேக்க மாட்டானாக்கா?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. கெட்டிக்காரி. மற்றப் பெண்கள் ஆளுக்கொரு துப்பட்டாவை அவிழ்த்துக் கொடுத்தார்கள். மார்கழிக்குச் சால்வை. பொங்கலுக்குத் தலை நிறையப் பூ.

“சனவரிக்குச் சிரிக்கவாக்கா, மொறைக்கவா?”

“பொங்க மாசம், சிரிச்சுட்டே நில்லு.”

“பொண்ணு பாக்க வந்தவிய முன்னால நிக்கறாப்பல நிக்கறா பாருங்க இவ,” என்றாள் பூவாத்தாள்.

கடைசிப் படம் வந்தபோது ஒச்சம்மாள், “இருங்கக்கா, ஆகஸ்டுல நான் கல்யாணமானவளாச்சே,” என்று ஓவர்லாக் மிஷினிலிருந்து மஞ்சள் நூலை அறுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நான் தேதியை மாற்றினேன், அவள் துப்பட்டாவை மாற்றினாள். ஒரு மணி நேரத்தில் ஒரு வருடம் முடிந்தது. பெட்டிகளை அடுக்கிக் கதவைப் பூட்டினோம். சாவி என் இடுப்புக் கொத்தில் இருந்தது. அது எப்போதும் என்னிடம்தான் இருக்கும் கண்ணு. உன் அப்பா வாசல் கேட்டுக்குத்தான் வாட்ச்மேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை டென்மார்க்கிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். வழக்கப்படி நான் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். காலையில் முதல் வேலையாக, அந்த மாதம் ஒன்றாம் தேதி போட்ட படத்தைக் கையில் கொடுத்தேன். “மாதாமாதம் பார்க்கிறேனே, இதற்குமேல் என்ன பார்க்க, நேரே சாம்பிளுக்குப் போகலாம்,” என்று சொல்லிவிட்டார். அதனால் திறக்கவில்லை. நல்ல படம் ஒன்று எத்தனை வேலையை மிச்சப்படுத்துகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அயர்ன் மேசைப் பக்கம் வயரில் தீப் பிடித்திருக்கிறது. செக்கிங் அறையின் முன்வழி அந்த மேசையை ஒட்டித்தான். ஒன்பது பெண்களில் ஆறு பேர் நெருப்பைத் தாண்டி முன்னால் ஓடி வந்துவிட்டார்கள். மூன்று பேர் பின்னால் ஓடினார்கள். அன்றைக்கு வெள்ளைக்கார அம்மாள் வந்திருக்கிறார் அல்லவா, கதவு திறந்திருக்கும் என்று ஒச்சம்மாள் சொன்னாளாம். தப்பி வந்த பூவாத்தாள் சொன்னது. பன்னிரண்டு தடவை சிரித்துக்கொண்டு நின்ற இடத்துக்குத்தான் அவள் ஓடியிருக்கிறாள்.

நான் அப்போது வாசலில், அந்த அம்மாளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நாங்கள் நின்ற இடத்துக்குப் புகை இன்னும் வரவில்லை. உன் அப்பா பின்பக்கமிருந்து ஓடி வந்தார்.

“மயிலக்கா, பின்கதவுச் சாவியக் குடுங்க. உள்ள புள்ளைக இருக்குதுக.”

மெதுவாகத்தான் சொன்னார். வெளிநாட்டார் முன்னால் சத்தம் போடக் கூடாது என்று நாங்களே சொல்லி வைத்திருந்தோம். அந்த அம்மாள், யார் இவர், என்ன வேண்டுமாம் என்று கேட்டார். திறந்திருக்கிற கதவுக்கு எதற்குச் சாவி, சொல். இரண்டு நாளைக்கு முந்தின தேதி போட்ட படம் அவர் பையில் இருக்கிறது. டீ குடிக்கப் போகட்டுமா என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உன் அப்பாவிடம், “இருங்க, வர்றேன்,” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மாள் பருத்தியைப் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். கார் திரும்பி வீதி முனைக்குப் போகிறவரை கையசைத்தேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தால் உன் அப்பாவைக் காணவில்லை. கடப்பாரையோடு சந்துக்குப் போய்ப் பூட்டை உடைத்திருக்கிறார். கதவு சுட்டிருக்கிறது. அவர் கையை நீ பார்த்திருப்பாய். அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒச்சம்மாள் போய்விட்டாள். மயிலம்பட்டிக்காரி நஞ்சம்மாள் போய்விட்டாள். மூன்றாவது பெண்ணின் பெயர் இப்போது நினைவுக்கு வரவில்லை, வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான்.

தம்பி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். “அக்கா, கதவு விசயம் என்னங்கக்கா?”

“படம் இருக்குது சாமி,” என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

போலீஸ் ஆபீசுக்கு வருவதற்கு முன்னால் எனக்கு இரண்டு வேலை இருந்தது. உன் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது கழற்றிய யூனிபாரம் சட்டை கேட் அறையில் ஆணியில் தொங்கியது. கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி அதன் பையில் போட்டேன். இது முதல் வேலை. இரண்டாவது கேமரா. அதில் இன்னும் அனுப்பாத படம், மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு, இருந்தது. ஒச்சம்மாள் செத்த பிறகும் ஆறு மாதம் அந்தக் கதவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் கேமரா, அழிக்கட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்க வேண்டும். ஆகஸ்ட் படத்தைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். கழுத்தில் கட்டிய நூல் தெரியவே இல்லை. மூன்று மெகாபிக்சலில் அவ்வளவு நுணுக்கம் வராது. அந்த ஐந்தை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆமாம் என்று அமுக்கினேன்.

பிப்ரவரிப் படத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். ஒன்றாம் தேதி திறந்திருந்த கதவு மூன்றாம் தேதி பூட்டியிருக்கிறது, சாவி வாட்ச்மேன் சட்டையில் இருக்கிறது. என்னிடம் சாவி கேட்டதாக உன் அப்பா சொன்னார். டென்மார்க் அம்மாள், அவர் டீக்குத்தான் கேட்டார் என்று மெயில் அனுப்பினார். பொய்யில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். பதற்றத்தில் சாவி இருப்பதையே மறந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டு கடப்பாரை தேடினவன் என்று ஊரில் சொல்லிச் சிரித்தது என் காதுக்கும் வந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தது. தொண்ணூறு நாள் அவர் உள்ளே இருந்தபோது, உன் அம்மாவுக்கு மாதாமாதம் அரிசி வந்ததே, யார் அனுப்பினது என்று நினைத்தாய்?

ஆர்டர் நிற்கவில்லை. முந்நூறு குடும்பம் இன்றைக்கும் சாப்பிடுகிறது. அன்றைக்கு அந்த அம்மாள் முன்னால் நான் கொத்தை அவிழ்த்திருந்தால் எல்லாம் போயிருக்கும். மூன்று பெண்களும் பிழைத்திருப்பார்கள், அதையும் நான் இல்லையென்று சொல்லவில்லை.

நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். சாவி என்னிடம் இருந்தது, கேட்டார், கொடுக்கவில்லை. உன் அப்பா நல்லவர் என்று பெற்ற பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் உன்னை உட்கார வைத்துச் சொன்னேன். உனக்குத் தெரிந்தால் போதாதா கண்ணு, ஊருக்கெல்லாம் எதற்கு. வாய்தாவுக்கு என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டால் படத்தில் இருப்பதைத்தான் சொல்வேன். தேதியோடு இருப்பதை மாற்றிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

காபி ஆறிவிட்டது, நீ தொடவே இல்லையே. சரி, இரு. வெளிக்கதவு பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. நானே வந்து திறந்துவிடுகிறேன். அந்தச் சம்பந்தம் இல்லாவிட்டால் இன்னொன்று வரும். போகிற வீட்டில் நீ நிறைவாக இருக்க வேண்டும். உன் வீட்டில் நெருப்பு அடுப்போடு நிற்கட்டும். உன் பிள்ளைகள் எந்தக் கதவுக்கு ஓடினாலும் அது திறந்தே இருக்கட்டும்.