வந்துக்கிட்டே இருக்கோம்

எனக்குச் சத்தமாகப் பேச வராது, சார். நாற்காலியைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்தால் அழுத்த வேண்டும். வீட்டிலுள்ள பெட்டி எங்கள் சர்வரைக் கூப்பிடும். அதில் பதிந்துவைத்த என் குரல், "பயப்படாதீங்க, வந்துக்கிட்டே இருக்கோம்" என்று சொல்லும். திரையில் விலாசம் வந்ததும் ஆள் அனுப்புவோம்.

போன மாதம் மைத்துனன் வேறொரு கூட்டாளியைப் பிடித்துவிட்டான். புதுக் கட்டடம், புது சர்வர். பெயர்ப்பலகை மாட்ட வந்தவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். கறிவேப்பிலை மாதிரி என்னைத் தூக்கிப் போட்டுவிட்டான். தனியாக இருந்த மாமியாரிடம் போய் நின்றேன்; அவர் கழுத்திலும் எங்கள் பொத்தான்தான். அம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"அவன் சின்னவன், நீங்கதான் விட்டுக்கொடுக்கணும் மாப்பிள்ளை" என்றார்.

மைத்துனன் கடைசியாக ஒரு வேலை சொன்னான். "அத்தான், நம்ம கம்பெனி பேருக்குப் புது சர்வர் முகவரிய மட்டும் மாத்திவிட்டுடுங்க."

மாற்றினேன். அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் பெட்டிகளுக்குக் கம்பெனி பெயர்தான் தெரியும்; அந்தப் பெயருக்கு எந்த சர்வர் முகவரி என்று இணையத்தில் கேட்டுத்தான் கூப்பிடும், அதுவும் ஒவ்வொரு தடவையும் கேட்காது. ஒருமுறை கேட்டதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்று நாங்கள்தான் குறித்துவைப்போம். இடம் மாறுவதற்கு முன்னால் அதைச் சில நிமிஷமாகக் குறைப்பதுதான் முறை. நான் அதை ஒரு வாரம் ஆக்கினேன். எல்லாப் பெட்டிகளும் பழைய முகவரியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் புதியதைப் போட்டேன். மைத்துனன் புது ஆபீஸில் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அங்கே ஏது பழைய ஞாபகம்? "அத்தான்னா அத்தான்தான்" என்றான்.

பழைய அறையில் பழைய சர்வரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எல்லோருடைய அழைப்பும் பழைய முகவரிக்கே, என்னிடமே வந்தது. ஒவ்வொருவருக்கும் நானே ஆம்புலன்ஸ் அனுப்பினேன். நான் ஒன்றும் மிருகமில்லை.

புதன்கிழமை மத்தியானம் மாமியார் வீட்டு விலாசம் வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி அழுத்தினார். குரல் பதில் சொன்னது. வெயில் இறங்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். டீ ஆறிவிட்டது, வேறு போட்டுக்கொண்டேன்.

என்னைத் துரோகி என்கிறானாம். பெற்ற பிள்ளை எங்கே போனான், சார்? அம்மாவுக்குக் கடைசிவரை கூடவே இருந்து தைரியம் சொன்னது என் குரல்தான்.