அகமதாபாத்தில் யாருடன் ஓடுவது

— டிவியில அகமதாபாத்னு பேர் சொன்னதும் எங்கப்பா சோபாலேர்ந்து எழுந்து நின்னுட்டார் அண்ணா. கண்ணு தெரியாதவளுக்கு அது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. நான் அவர் தோள்ல சாஞ்சிருந்தேன். பொத்துனு விழுந்தேன்.

— நல்லா விழுந்தே போ. ரெண்டாயிரத்து முப்பது காமன்வெல்த் விளையாட்டு நம்ம நாட்டுலன்னா எந்திரிக்காம இருக்க முடியுமா? நான் கராடி ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன் அம்மணி. போனைப் பார்த்துச் சத்தமாச் சிரிச்சுப் போட்டேன். மேனேஜர், என்ன கோகுல்நாத் ஜோக்கான்னு கேட்கறார்.

— நம்ம புனேவுக்கே குடுத்திருக்கலாம். பாலேவாடியில அவ்ளோ பெரிய ஸ்டேடியம் இருக்கு.

— பேராசை புடிச்சவ. ஒரு ராத்திரி ரயில்ல உக்காந்தா காலையில அகமதாபாத். நீ துபாய்ல ஓடினப்ப உங்கப்பா அம்மாவால வர முடிஞ்சுதா?

— அதைத்தான் அம்மா நேத்து பூரா சொல்லிட்டிருந்தாங்க. சாமி பக்கத்துல கொண்டு வந்து குடுத்துருச்சுன்னு. எத்தனை டப்பா புளியோதரை கட்டணும்னு இப்பவே யோசனை. அப்பா ஆகுர்டி பேக்டரிக்குப் பேடா வாங்கிட்டுப் போயிருக்கார். பொண்ணு இன்னும் செலக்ட்டே ஆகல, அதுக்குள்ள பேடா.

— ஆவே. ஆகோணும். சரி, கையில இருக்கற கயித்தை அவுத்துட்டு இந்த பெஞ்சில கொஞ்சம் உக்காரு.

— ஏன்? இன்னும் ரெண்டு ஓட்டம் பாக்கி இருக்கே.

— பேசோணும்.

— உங்க குரலே சரியில்ல. என்ன ஆச்சு? ஆபீஸ்ல உங்களை வேற ஊருக்கு மாத்திட்டாங்களா?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. ராஜஸ்ரீ, உன்னை மாதிரி ஓடறவங்களுக்குக் கைடு எப்படி இருக்கோணும்? நீயே சொல்லு.

— என்ன, பரீட்சையா? கயித்தோட ஒரு முனை என் கையில, ஒரு முனை உங்க கையில. என்னை இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. முடிவுக் கோட்டை நான்தான் முதல்ல தாண்டணும்.

— அப்புறம்?

— அவ்வளவுதான்.

— அவ்வளவு இல்ல. ஓடறவளை விட வேகமா ஓடத் தெரியோணும். அதை மட்டும் விட்டுப் போட்டே.

— அண்ணா, வேண்டாம்.

— எனக்கு முப்பத்தேழு முடியப் போகுது. அகமதாபாத் வர்றப்ப நாப்பதைத் தாண்டிருவேன். இப்பவே கடைசி முப்பது மீட்டர்ல நாக்குத் தள்ளுது.

— எனக்கு ஒண்ணும் தெரியலயே. நம்ம டைம் அப்படியேதானே இருக்கு?

— அதுதான் கண்ணு சங்கடமே. பத்தொம்பது வயசுப் பொண்ணு வருஷம் பூரா ஒரே டைம்ல ஓடுவாளா? என்ற காலடிச் சத்தத்தைக் கேட்டு, அதுக்குத் தகுந்தாப்பல நீ குறைச்சுக்கறே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?

— சரி, குறைக்கிறேன். தெரிஞ்சேதான் குறைக்கிறேன். கைடுக்கும் மெடல் போடுவாங்க, தெரியுமில்ல?

— தெரியும்.

— அகமதாபாத்ல எங்கப்பா அம்மா உக்காந்திருக்கும்போது உங்க கழுத்துலயும் ஒண்ணு விழணும். ஆறு வருஷமா கராடிலேர்ந்து விடியறதுக்குள்ள பைக்கை எடுத்துட்டு வர்றீங்க. ஸ்நேஹா அண்ணிக்குக் குழந்தை பொறந்த மறு வாரமே வந்து நின்னீங்க. நான் விழுந்தப்ப என்னைத் தாங்கப் போய் உங்க முட்டியை உடைச்சுக்கிட்டீங்க. இதுக்கெல்லாம் நான் என்னத்தைக் குடுக்கறது? வேற எதுவும் என்கிட்ட இல்ல அண்ணா.

— அழுகாதே அம்மணி. கோயமுத்தூர்ல இருந்து இங்க வந்த புதுசுல எனக்கு நாய்கூடப் பழக்கமில்ல. ஆபீசு, ரூமு, மறுக்கா ஆபீசு. உங்கம்மா போட்ட சோறு, உங்கப்பாகிட்டக் கிரிக்கெட்டுச் சண்டை, உன்ற வாயி, இதெல்லாம் யார் குடுத்தது? கும்புடறதுன்னா நான்தான் உங்க வீட்டைக் கும்புடோணும். ஆனா நன்றின்னு சொல்லி நீ மெதுவா ஓடுனீன்னா, நான் இத்தனை வருஷம் வந்தது எதுக்கு?

— அதுக்கு இப்ப என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?

— வேற கைடு கூட ஒரு தடவை ஓடிப் பாரு.

— நக்கோ. வேண்டவே வேண்டாம். எவனாவது வந்து மாட்டை இழுக்கற மாதிரி இழுப்பான்.

— இழுக்க மாட்டான். அபினவ்னு பேரு, மாநில அளவுல ஓடறவன். ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமையானா அவன் கண்ணைக் கட்டிப்போட்டு நான் கைடா ஓடறேன். உனக்கு எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியோணுமில்ல.

— எனக்குச் சொல்லாமயா?

— சொல்லாமத்தான். கோவிச்சுக்கோ.

— கோவம்தான். ரொம்பக் கோவம். எங்க இருக்கான் அவன்?

— கேட் பக்கத்துல நிக்கறான். நீ சரின்னாத்தான் உள்ள வருவான்.

— கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவைதான்.

— அபினவ், வாப்பா.

— ஹலோ ராஜஸ்ரீ. ஸாரி, என் தமிழ் கொஞ்சம் கச்சா. நான் கண்ணைக் கட்டி ஓடினேன், நாலு தடவை விழுந்தேன். இவ்ளோ பயம் இருக்கும்னு முன்னாடி தெரியாது. இப்போ தெரியும்.

— இழுத்தீங்கன்னா அடிப்பேன்.

— ஓகே.

— அண்ணா, நீங்க எங்க இருப்பீங்க?

— கோட்டுக்கு அந்தப் பக்கம், கடிகாரத்தோட.

— அங்கிருந்து குரல் குடுத்துட்டே இருங்க.

— மாட்டேன் கண்ணு. இனிமே இவன் குரலைத்தான் நீ கேக்கோணும். நான் போய் நிக்கறேன். கையைத் தூக்கினதும் ஆரம்பிங்க அபினவ்.

— ராஜஸ்ரீ, சார் கையைத் தூக்கிட்டார். ரெடியா?

— ரெடி.

— போ. நேரா, நேரா. பாதி வந்தாச்சு. என் காலைக் கேக்காத, நான் வர்றேன், நீ போ. முழுசா போ. பத்து மீட்டர். கோடு. வந்தாச்சு, நில்லு.

— அண்ணா, எவ்வளவு? காத்து மூஞ்சியில அடிச்சுது அண்ணா, மஸ்த், சூப்பரா இருந்துச்சு. இப்படி அடிச்சதே இல்ல. டைம் எவ்வளவு?

— தெரியல கண்ணு. கடிகாரத்தை அமுக்கவே மறந்துட்டேன்.

— என்ன அண்ணா நீங்க. இதுக்குத்தானே அங்க போய் நின்னீங்க?

— எப்பவும் உன்ற பக்கத்துல, கோட்டைப் பார்த்துட்டே ஓடிட்டிருந்தேனா... நீ ஓடறதை இன்னிக்குத்தான் நான் பார்க்கறேன்.