சிவப்பு மைக்கு வந்த சம்மன்

செவிலியர் சகோதரிகளே, சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை. நான் எட்டாங்கிளாஸ்தான்... ஆனா பெரிய பெரிய வக்கீலுங்க என்கிட்ட சந்தேகம் கேப்பாங்க!

என் அக்கா மக ஜெசிந்தா, ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு ராத்திரி டியூட்டில, டாக்டர் போன்ல சொன்ன ஊசியைப் போட்டா. நோயாளிக்கு ஒத்துக்கலை. பிழைச்சுட்டாரு. ஆனா ஆஸ்பத்திரி என்ன பண்ணுச்சு? "டாக்டர் சொல்லவே இல்லை, இவளா போட்டா"ன்னு நர்ஸ் கவுன்சிலுக்கு எழுதிருச்சு. கவுன்சில் பதிவேட்டுல இருந்து பேரை அடிச்சா, ஆயுசுக்கும் ஊசியைத் தொட முடியாது!

விசாரணைக்கு சம்மன் வந்துச்சு. எங்கக்கா அதை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சா. ஒளிச்சா விசாரணை நின்னுருமா?

"மாமா, டாக்டர் சொன்னதைக் கேஸ் ஷீட்ல எழுதினேன். அது ஆஸ்பத்திரிகிட்டல்ல இருக்கு!"

நான் பானைக்குள்ள இருந்து சம்மனை எடுத்து நாப்பது தடவை படிச்சேன். கடைசி வரி... 'சாட்சியோ ஆவணமோ வேணும்னா மனு கொடுக்கலாம்.'

"அந்த ஷீட்டைக் கேளு புள்ள! கவுன்சில் கூப்பிட்டா ஆஸ்பத்திரி வந்துதான் ஆகணும்!"

கேட்டா. ஆஸ்பத்திரிக்கும் போச்சு சம்மன்!

விசாரணை ஹால்... ஏரோப்ளேன் இறங்கலாம், அவ்வளவு பெருசு! ஆஸ்பத்திரி மேனேஜர் கேஸ் ஷீட்டை நீட்டினாரு. டாக்டர் போன் பண்ணின பேச்சே அதுல இல்லை. ஜெசிந்தா முகம் செத்துப்போச்சு.

விசாரணைக்குத் தலைமை ராஜநாயகி அம்மா, ரிட்டையர்டு மேட்ரன். புரட்டினாங்க... நிறுத்தினாங்க...

"ஏம்ப்பா, இது ராத்திரி டியூட்டிக் குறிப்பா?"

"ஆமா மேடம். இந்த சிஸ்டர் எழுதினதுதான்."

"மத்த ராத்திரியெல்லாம் சிவப்பு மை. இது மட்டும் ஏன் நீலம்?"

பகலுக்கு நீலம், ராத்திரிக்கு சிவப்பு. உங்களுக்குத் தெரியும். ஏசி ரூம்ல உக்காந்து புதுசா எழுதின மேனேஜருக்குத் தெரியுமா?

"அந்த டாக்டருக்கு சம்மன் அனுப்புங்க!"

அடுத்த வாரம் டாக்டர் வந்தாரு. சத்தியம் வாங்கினாங்க. தலை குனிஞ்சாரு. "நான்தான் போன்ல சொன்னேன்... அவங்க மேல தப்பில்லை."

ஜெசிந்தா பேரு பதிவேட்டுல அப்படியே இருக்கு!

சொல்லுங்க... சம்மன் நம்மளை இழுக்கிற கயிறு மட்டுமா? நாம கேட்டா, பூட்டி வச்ச உண்மையையும் அது இழுத்துட்டு வரும். ஒளிக்காதீங்க. படிங்க. கேளுங்க!

அதோ, மூணாவது வரிசையில ஜெசிந்தா. அந்த சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டு தாயி... எங்கே, எல்லாரும் தூக்குங்க பாப்போம்!